சூளைக்கும் கோபுரத்துக்கும் நடுவே

விருத்தாசலத்தில் மலை இல்லை. ஊர்ப்பெயரில் மட்டும் இருக்கிறது. தேவாரம் இதை முதுகுன்றம் என்றது. பழமலை என்ற பெயரும் வழங்கியது. வடமொழிப்படுத்தியபோது விருத்தாசலம் ஆயிற்று. முதிய குன்று, பழைய மலை, விருத்த அசலம் எல்லாம் ஒரே பொருள்தான். மணிமுத்தாற்றங்கரையில் சமதரையில் நிற்கிற கோயிலைப் பார்த்துவிட்டு மலை எங்கே என்று கேட்பவர்களுக்கு ஐதிகத்தில் பதில் இருக்கிறது. மற்ற மலைகளுக்கெல்லாம் முன்பே தோன்றியதாம்; பூமிக்குள் அழுந்திக் கிடக்கிறதாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. இருபதாம் நூற்றாண்டில் விருத்தாசலத்துக்குக் கிடைத்த ‘செராமிக் நகரம்’ என்ற இன்னொரு பெயரும் பூமிக்குள் கிடந்த ஒன்றினால் வந்ததுதான். அந்தத் தொழில் செய்த பெரிய சரக்கும் திரும்பப் பூமிக்குள்ளேயே போய்விட்டது. கோபுரமும் சூளையும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

‘பழமையும் புதுமையும் கலந்த நகரம்’ என்ற வாசகம் சுற்றுலா விளம்பரங்களுக்கு மிகவும் பிடித்தது. சீனாவின் குவாங்சோ நகரைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள், வளைந்த ஓட்டுக்கூரை ஒன்றையும் அதன் பின்னால் கண்ணாடி மாளிகை ஒன்றையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிட்டு, அடியில் இந்த வாசகத்தைப் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்பது கலப்பு ஆகாது. ஒரே பேருந்தில் போகிறவர்கள் எல்லாரும் சம்பந்திகள் ஆகிவிடுவதில்லை. கட்டட வரலாற்றைப் பார்த்தால் வடிவம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை; மாறுவது பொருள். மரம் போய்ச் செங்கல், செங்கல் போய்க் கல், கல் போய் சிமெண்ட் என்று பொருள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய வடிவம் புதிய பொருளில் குடியேறும். அப்படிக் குடியேறுவது கலப்பாக அமைகிறதா, வெறும் ஒட்டாக நின்றுவிடுகிறதா என்பது, புதிய பொருளைக் கையாளத் தெரிந்த தொழிலாளி சாரத்தில் ஏறினானா என்பதைப் பொறுத்தது. விருத்தாசலத்துக் கோயிலும் அதன் சுற்றுப்புறமும் இதற்குச் சாட்சி. விருத்தாசலத்துச் சூளை எதிர்ச்சாட்சி.

கோயிலிலிருந்து தொடங்கலாம். கருங்கல்தான் நம் கோயில்களின் ஆதிப்பொருள் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் தமிழ்நாட்டுக் கோயிலுக்குக் கல் வந்தது ஒரு புதுமையாகத்தான். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்துவிட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் ஒரு கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமை அடித்துக்கொண்டான். அதுவரை எவற்றால் கட்டினார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே வாக்குமூலம். அதற்குப் பின்னும் ஏறத்தாழ 300 ஆண்டுகள் பல ஊர்களில் செங்கல் தளிகளே நின்றன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கண்டராதித்தரின் மனைவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றளி ஆக்கினார். கோனேரிராசபுரம், குத்தாலம், ஆடுதுறை, திருக்கோடிக்காவல் என்று நீளும் அந்தப் பட்டியலில் முதுகுன்றமும் ஒன்று. திருக்கோடிக்காவலில் அவர் செய்த காரியம் தனியாகக் கவனிக்க வேண்டியது. பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்து, இவை பழைய கல்வெட்டின் படி என்று குறிக்கவும் செய்தார். சுவர் புதிது, வாசகம் பழையது. எது எது என்பதில் ஒளிவுமறைவும் இல்லை. பழமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கல்வெட்டின் மேல் பெயிண்ட் அடிக்கிற காலத்தில் இதை நினைத்துப் பார்க்கலாம்.

கல் வந்ததும் வடிவம் மாறியதா என்றால், பெரும்பாலும் இல்லை. கோயிலின் கொடுங்கையை, அதாவது சுவருக்கு வெளியே வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இது விளங்கும். மழைத்தண்ணீர் வழிவதற்காக ஓலையிலும் மரத்திலும் பிறந்த வளைவு அது. கல்லுக்கு அந்த வளைவு தேவையே இல்லை. ஆனாலும் சிற்பி அதை விடவில்லை. சில இடங்களில் கைமரம், குறுக்குச் சட்டம், ஆணித் தலை வரைக்கும் கல்லில் கொத்திக் காட்டினான். ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக வேறு எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். செவிவழிச் செய்திதான், ஆனால் மரத்தச்சனின் வேலையைக் கல்தச்சன் எவ்வளவு தூரம் தன் வேலையாக்கிக்கொண்டான் என்பதற்கு அதுவே அளவுகோல். கல்தச்சன் வெளியிலிருந்து சரக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கியவன் அல்லன். கோயிலுக்குள் வந்து, மரத்தின் இலக்கணத்தைக் கற்று, அதைக் கல்லில் திருப்பிச் சொன்னவன். கலப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

கல்லோடும் கதை முடியவில்லை. பிற்காலத்தில் கோபுரங்கள் உயர்ந்தபோது, அடிப்பகுதியைக் கல்லில் நிறுத்திவிட்டு மேல்நிலைகளைச் செங்கல்லாலும் சுதையாலும் எழுப்பினார்கள். பளு குறையும், வேலை வேகமாக நடக்கும், உருவங்களைச் செழிக்கச் செய்யலாம். கைவிட்டதாக நினைத்த பழைய பொருள் மேல்மாடியில் திரும்பக் குடியேறியது. அரண்மனைகளில் சுட்ட மண்ணின் ஆட்சி என்றுமே குறையவில்லை. விருத்தாசலத்துக்குத் தெற்கே ஜெயங்கொண்டம் வழியாகப் போனால் வரும் கங்கைகொண்ட சோழபுரத்தில், மாளிகைமேட்டு அகழாய்வில் கூரை ஓடுகளும் அவற்றை அறைந்த இரும்பாணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. அதே மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. சோழ அரண்மனையில் சாப்பாட்டுப் பாத்திரம் சீனத்துக் களிமண். தலைக்கு மேல் கூரை உள்ளூர்க் களிமண். அந்தக் கடல்வழி இரண்டு பக்கமும் வேலை செய்தது. 1281இல் எழுதிய தமிழ்க் கல்வெட்டு சீனாவின் சுவான்சோவில் கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்கள் அங்கே எடுத்த சிவன் கோயில் பிற்காலத்தில் அழிந்தது. அதன் தூண்கள் இரண்டு அவ்வூர்க் கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன. அந்தத் தூண்களை யாரும் அருங்காட்சியகத்துக்கு அனுப்பவில்லை, வேலை கொடுத்தார்கள்.

பழையதையும் புதியதையும் தெரிந்தே சேர்த்த கட்டடம் ஒன்று விருத்தாசலத்துக்குப் பக்கத்திலேயே உண்டு. கடலூர்ச் சாலையில் நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1872 சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வள்ளலார் அங்கே சத்திய ஞான சபையைத் திறந்தார். எட்டுக்கோண மண்டபம், உள்ளே விக்கிரகம் இல்லை, ஏழு திரைகளுக்கு அப்பால் கண்ணாடி, தீபம். சிதம்பரத்துச் சிற்றம்பலம் அவர் மனத்தில் இருந்தது என்பதற்கு அந்த இடத்துக்கு அவர் வைத்த உத்தர ஞான சிதம்பரம் என்ற பெயரே போதும். ஆனால் கோபுரம், விமானம், பிராகாரம் என்ற வழக்கமான வரிசையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. திரை பழையது, தீபம் பழையது, அம்பலம் என்ற எண்ணமும் பழையது. அவற்றை அடுக்கிய விதம் அதுவரை இல்லாதது. அதே பத்தாண்டில் சென்னைக் கடற்கரையில் கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் இல்லம் (1874–79), கும்மட்டத்தையும் வளைவையும் பலவிடங்களிலிருந்து திரட்டி ஒரு பல்கலைக்கழக மண்டபத்துக்கு அணிவித்தது. அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் எது கலப்பு என்று கேட்டால் நான் வடலூருக்குத்தான் கை தூக்குவேன்.

இப்போது சூளைக்கு வருவோம். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1961இல் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரியை எட்டுவதற்கு மேலே இருக்கும் மண்ணையெல்லாம் வாரி எடுக்க வேண்டும். அந்த மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் இருந்தது. சீனாக்களிமண் என்றும் சொல்வார்கள். அதன் உலகப் பெயரான கயோலின், சிங்தெசென் என்ற பீங்கான் நகருக்கு அருகிலுள்ள காவோலிங் என்ற குன்றின் பெயரிலிருந்து வந்தது. நிலக்கரிக்கு வழிவிட்ட மண்ணை வைத்து ஒரு தொழில் வளர்ந்தது. வடலூரில் கழிப்பறைக் கோப்பைகளுக்கு ஓர் ஆலை, மின்கம்பங்களுக்கான பீங்கான் காப்பான்களுக்கு ஓர் ஆலை. விருத்தாசலத்தில் சிறு கூடங்கள் நிறைந்த செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்லூரி, அரசின் குழாய் ஆலை. ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பலகையில் ‘பீஸ்’ கட்டும் வெள்ளைக் கட்டை என்று சரக்கு போயிற்று. வீட்டில் விளக்கு அணைந்தால் இருட்டில் தடவிப் பிடுங்குகிற கட்டை விருத்தாசலத்து மண்ணாக இருந்திருக்கலாம் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

பொம்மை செய்கிற முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை அரைத்துத் தண்ணீர் விட்டுத் தோசைமாவு பதத்தில் குழம்பாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டி, குழம்பை விளிம்பு வரை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். அச்சின் உட்சுவரில் களிமண் ஒரு தோல் போலப் படியும். தோல் போதிய கனம் ஆனதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். ஆகவே பொம்மை உள்ளே வெற்றிடம். சற்று இறுகியபின் அச்சைப் பிரித்தால், இரண்டு பாதிகளும் கூடிய இடத்தில் காதிலிருந்து கால் வரை ஒரு மெல்லிய வரம்பு நிற்கும். அதைச் சிறு கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்கிற கை சற்று அழுத்தினால் மூக்கு போய்விடும். காய்வதிலும் சுடுவதிலும் உருவம் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், நினைத்த அளவுக்கு வர அச்சைப் பெரிதாகவே செய்திருக்க வேண்டும். இத்தனை கணக்கும் கைப்பதமும் தெரிந்தவர்கள் கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தார்கள். கோபுரத்தில் நூற்றுக்கணக்கான உருவங்கள் இருந்தன. இரண்டும் சந்திக்கவில்லை.

விருத்தாசலம் கட்டடத்துக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொன்னால் அது தவறு. குழாய் தந்தது. பாதாளச் சாக்கடைக்கான உப்பு மெருகுக் குழாய் எளிய சரக்கு அன்று. சூளை 1,200 டிகிரியை நெருங்கும்போது சாதாரண உப்பை நெருப்பில் வீசுவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, குழாயின் உள்ளும் புறமும் பழுப்பு நிறக் கண்ணாடித் தோலாகப் படியும். அமிலம் அரிக்காது, நீர் கசியாது. நகரம் என்ற ஒன்று நோயில்லாமல் நிற்க வேண்டுமானால் முதலில் வேண்டியது கோபுரமோ கும்மட்டமோ அல்ல, இந்தக் குழாய்தான். அந்த வகையில் இது உயர்ந்த கட்டடக்கலைதான்; கண்ணுக்குத் தெரியாத கட்டடக்கலை. பிவிசி வந்து அந்தச் சந்தையையும் பெரும்பகுதி பிடித்துக்கொண்டது வேறு கதை. ஆனால் மதிப்பீட்டுப் பட்டியலில் குழாய் இத்தனை மீட்டர், கோப்பை இத்தனை என்று ஒரு வரியாக மட்டுமே சூளை நுழைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்கு வந்தது, செய்தவன் வரவில்லை. செம்பியன் மாதேவி கல்லை வாங்கிப் போட்டிருந்தால் முதுகுன்றத்தில் கற்குவியல்தான் இருந்திருக்கும்.

குவாங்சோவை இப்போது மறுபடி பார்க்கலாம். அந்நகரின் சென் குல முன்னோர் மண்டபம் 1888 முதல் 1894 வரை கட்டப்பட்டது. குவாங்தோங் மாகாணத்தின் 72 வட்டாரங்களைச் சேர்ந்த சென் குடியினர் பணம் போட்டார்கள். அதன் நடு மண்டபத்தின் கூரை முகட்டில் 27 மீட்டர் நீளத்துக்குப் பீங்கான் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன, எண்ணினால் 224. நாடகக் காட்சிகள், வீரர்கள், மாளிகைகள் எல்லாம் பச்சையும் நீலமும் மஞ்சளுமாக மெருகிட்டவை. செய்தவர்கள் பக்கத்து ஃபோஷானிலுள்ள சிவான் என்ற மண்பாண்ட ஊர்க்காரர்கள். முகட்டிலேயே சூளைக் கடையின் பெயரையும் ஆண்டையும் பொறித்திருக்கிறார்கள். இந்தப் பீங்கான் வரிசைக்கு அடியில் இன்னொரு வரிசை உண்டு. சுண்ணாம்பு, வைக்கோல், பசையரிசி, சர்க்கரை எல்லாம் சேர்த்து அங்கேயே கையால் பிடித்து, வண்ணம் தீட்டிய உருவங்கள். கடுக்காயும் வெல்லமும் போட்டு நாம் குழைக்கிற சுதைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பக்கத்து நடைக்கூடங்களில் மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள். பழைய சுதையும் சூளைச் சரக்கும் மேல்நாட்டு இரும்பும் ஒரே கட்டடத்தில் வேலை செய்கின்றன. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1931இல் முடிந்த சுன் யாட்சென் நினைவு மண்டபமும் எட்டுக்கோணம்தான், வடலூரைப் போல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த லூ யென்சி வரைந்தது. உள்ளே எஃகுச் சட்டங்கள் நடுவில் தூணே இல்லாமல் கூரையைத் தாங்குகின்றன; மேலே நீல மெருகு ஓடு. எஃகு வந்த பிறகும் ஓட்டுச் சூளைக்கு வேலை இருந்தது. கண்ணாடி மாளிகைக்கு முன்னால் வளைந்த கூரை நிற்கிற படத்தைவிட இந்த இரண்டு கட்டடங்களும் எனக்கு அதிகம் சொல்கின்றன.

நம் கோபுரத்தில் பீங்கான் உருவங்களை ஏற்ற ஆகமம் இடம் தருமா என்று கேட்கலாம். 28 ஆகமங்களின் பெயரில் 28 லிங்கங்களை வைத்திருக்கிற விருத்தாசலத்துக் கோயிலில் இந்தக் கேள்வி எழுவது நியாயமே. ஆனால் கட்டுமானப் பொருள்களில் கல்லோடு செங்கல், மரம், மண் எல்லாவற்றுக்கும் நூல்கள் இடம் தந்திருக்கின்றன. கோபுரத்தில் இருப்பதே சுட்ட மண்தான். அதன் மேல் ஆலையில் செய்த எனாமல் பெயிண்ட் ஏறியபோது யாரும் ஆகமம் கேட்டதாகத் தெரியவில்லை. பெயிண்டுக்கு இல்லாத தடை மெருகுக்கு எங்கிருந்து வரும்? இதைவிட வலுவான எதிர்வாதம் வேறொன்று. சுதை மழையில் ஊறும், வெடிக்கும்; 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் வரும்; அதனால்தான் சுதை வேலை தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருக்கிறார்கள். நூறாண்டு நிறம் மங்காத பீங்கானை ஏற்றிவிட்டால் அவர்கள் கைத்தொழில் அழியாதா? இதில் பாதி உண்மை இருக்கிறது. அழிவதே ஒரு தொழிலைக் காப்பாற்றும் என்பது விசித்திரமான ஆனால் சரியான கணக்கு. மறுபாதிக்குச் சென் மண்டபமே பதில் சொல்கிறது. அங்கே பீங்கான் சுதையைத் துரத்தவில்லை. மழை நேராக அடிக்கிற உச்சியைத் தான் எடுத்துக்கொண்டு கீழ்வரிசையை அதற்கு விட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள சீனக் கோயில்களில் இன்னொரு முறையும் உண்டு. உடைந்த பீங்கான் கிண்ணங்களை நறுக்கி, ஈரச் சுதை உருவத்தின் மேல் செதில் செதிலாகப் பதிப்பார்கள். சிங்கப்பூர்த் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவுக்குப் போன தமிழர்கள் பக்கத்துத் தியான் ஹோக் கெங் கோயில் கூரையில் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? சூளையில் கழிபடும் உடைசல்தான் அங்கே டிராகனின் செதில்.

பணம் என்ற எதிர்வாதத்துக்கு முன்னால் மட்டும் நான் கொஞ்சம் தலை குனிகிறேன். குவாங்சோ பெரிய துறைமுகம். 72 வட்டாரத்துக் குலத்தார் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். விருத்தாசலம் நான்கு திசைக்கும் ரயில் பிரிகிற சந்திப்பு, அவ்வளவே. பொம்மைக்காரருக்கு அடுத்த மாத விறகுக் கடனே பெரிது. அச்சுச் செலவை முன்பணமாகப் போட்டுக் கோபுர உருவம் செய்து பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கட்டுவித்தவர்கள்: திருப்பணிக் குழுக்கள், அரசின் பொறியாளர்கள், பள்ளிக்கூடமும் பேருந்து நிலையமும் கட்டியவர்கள். அவர்கள் கேட்கவில்லை. இந்த ஊர் வீடுகளின் தரைக்கு டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வருகிறது. வெள்ளைக் களிமண் கிடைக்கிற ஊருக்கு, ஆயிரம் மைல் தாண்டி. சீமை ஓட்டுக்கு 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலை போட்டபோது, அதைக் கூரையில் வேயும் கொத்தனார்களும் தச்சர்களும் தென்னாடு முழுக்க உருவானார்கள். நாட்டு ஓடு இருந்த கைமரத்தின் இடத்தில் அளவு மாற்றிச் சட்டம் அடித்தார்கள். ஓர் அயல்நாட்டுச் சரக்குக்குக் கிடைத்த அந்த இடம் உள்ளூர்ச் சூளைக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் தெய்வ உருவம் செய்வதை விருத்தாசலத்துச் சூளை நிறுத்தியதே இல்லை. அச்சிலிருந்து பிரித்த பிள்ளையார் ஈரத்தோடு பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார். தும்பிக்கை ஓரத்து வரம்பைச் சீவி, பஞ்சால் துடைத்து, காயவைத்து, சுட்டு, மெருகில் முக்கி, மறுபடி சுட்டு எடுத்தால் வெள்ளை வெளேரென்று மின்னுகிறார். மழை அவரை ஒன்றும் செய்யாது; வெயிலில் நிறம் போகாது. அவரை வைக்கோல் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, சந்திப்பு நிலையத்துக்கோ லாரிக்கோ அனுப்புகிறார்கள். எங்கோ ஓர் ஊரில், மழையும் வெயிலும் எட்டாத கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்காருகிறார்.